முரடனைச் சாய்த்த மதியம்

இறைச்சிக்கூடத்தில் பதினெட்டு வருடம் மாடுகளைக் கட்டிச் சாய்த்தவன் அவன். எல்லோருக்கும் முரடன். அங்கே முதலுதவி அறை என் பொறுப்பில் இருந்தது.

அன்று காலை அவனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும். மதியத்துக்குள் எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்து, கீச்சென்ற சத்தத்தோடு மூச்சை இழுத்தான்.

"எலும்பு மாட்டிக்கிச்சு. படுக்க வச்சு எடுத்துடலாம்" என்றான் கூட வேலை செய்த அவன் மச்சான்.

மாட்டைச் சாய்க்கிற பழக்கத்தில் நாலு பேர் அவன் காலை வாரி மல்லாத்தினார்கள். முகம் நீலமானது. அவன் திமிறி ஒருவனை வயிற்றில் உதைத்தான். வாய்க்குள் போன மச்சானின் விரலை எலும்பு தெரியக் கடித்தான்.

"குடிச்சிருக்கான், கயிறு கொண்டாங்கடா!" என்று கத்தினான் மச்சான்.

நான் மச்சானின் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். "விடுங்கடா! மூச்சு முட்டித் துடிக்கிறான். நிமிர்த்தி உட்கார வைங்க. வாயில கை வைக்காதீங்க!"

அவன் குரல்வளைக்கு மேலே மூடிபோல் இருக்கும் மடல் வீங்கியிருந்தது. மல்லாந்தால் அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும். உட்கார்ந்தபடியே வண்டியில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கிழித்துக் குழாய் போட்டார்கள், பிழைத்தான்.

மூன்றாம் நாள் விரலில் கட்டோடு மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "ஒரு மன்னிப்பு கேட்டானாக்கா?"

"கழுத்துல குழாயோட எப்படிடா கேப்பான்? கொல்லப் பாத்தவன் நீ, நீ கேளு."

கேட்டான். முரடன் கையை ஓங்கினான். பிறகு அதே கையால் நாற்காலியைக் காட்டினான்.