ஆடாத படகு

பிரஷர் குக்கர் வாங்குவதற்கு முன்னால் ஐந்து வீட்டு அடுக்களையில் நின்று, விசில் சரியாக வருகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். மீன்பிடித் துறைமுகத்தில் அவருக்குப் பெயர் 'விசாரணை'. மனைவியைத் தவிர எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாளடைவில் அவரே தொலைபேசியை எடுத்து, "விசாரணை பேசுறேன்" என்று சொல்லத் தொடங்கினார். எதிர்முனையில் புது ஆள் யாராவது பதறினால் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இளமையிலிருந்தே பெரிய விசைப்படகுகளில் கூலிக்கு வலை இழுத்தவர். சொந்தமாக ஒரு துடுப்புகூடக் கிடையாது. இப்போது வலது தோள்பட்டை போய்விட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போட மனைவியின் உதவி வேண்டும். படகில் இதைக் காட்டிக்கொள்ளாமல், பாரத்தை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையை வலையின் மேல் சும்மா வைத்திருந்தார். எத்தனை நாளைக்கு? ஒரு நாள் படகின் டிரைவர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க வலது கை நல்லா நடிக்குது. ஆனா முதலாளி பார்த்துட்டாரு. அடுத்த சீசனுக்கு வேற ஆள் சொல்லிட்டாரு."

அவர் சண்டை போடவில்லை. இந்த நாளை எதிர்பார்த்து அவரும் மனைவியும் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சம் இருந்தது. மனைவி, இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கை வைத்தே விரல்கள் வெளுத்துப் போனவள். அந்தப் பணத்தில் பழைய சிறிய ஃபைபர் படகு ஒன்று வாங்கலாம். பின்னால் ஓர் இன்ஜின், உள்ளே இரண்டு ஆள், கரையை ஒட்டித் தூண்டில். சொந்தப் படகில் தோள்பட்டையை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கூட வர மனைவியின் தம்பி தயார். ஒரே ஒரு சிக்கல்: ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பான படகு அமைந்தால் இரண்டாவது படகு இல்லை.

ஆகவே விசாரணை, விசாரணையில் இறங்கினார்.

துறைமுகத்துப் படித்துறையில் நீலப் படகு ஒன்று விற்பனைக்குக் கட்டிக் கிடந்தது. எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் 'கூலிங் கிளாஸ்' என்று பேர் வாங்கியவர் அதன் உரிமையாளர். நம்மவர் நேராக அவரிடம் போகவில்லை. முதலில் படகின் மூக்கில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை. வாங்குகிற ஒவ்வொருவரும் தன் நிறத்தை அடிப்பது அங்கே வழக்கம். மூன்று நிறமென்றால் மூன்று கை மாறியிருக்கிறது.

ஆட்களின் பேச்சை எடைபோட அவருக்கு ஒரு சூத்திரம் உண்டு. விற்கிறவன் வாய் விலைக்குப் பேசும். விற்று முடித்தவன் வாய் சும்மா பேசும். சும்மா பேசுகிற வாயைத்தான் நம்ப வேண்டும். அதிலும் அந்த ஆள் எப்படிப்பட்டவன், எதற்காகச் சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். இதைப் பலருக்கும் இலவசமாக வழங்கியிருக்கிறார்.

வெள்ளை நிறத்துக்காரர் இப்போது மகளின் கணவர் நடத்தும் ஆணிக்கடையில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறவர். படகென்று சொன்னதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அதுவா? இறகு தம்பி, இறகு. நானும் என் தம்பியும் ரெண்டே பேரு. தண்ணியில இருந்து இழுத்து மணல்ல வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டே இருப்போம். அலை வந்தா தொட்டில் மாதிரி ஆடும். சில பேருக்கு வயித்தைக் கலக்கும். எனக்குத் தூக்கம் வரும்."

"குறை ஏதாவது?"

"குறையா? அதை வித்தேன் பாருங்க, அதான் குறை."

கடைக்குள்ளிருந்து மருமகன், "மாமா, அந்த நாலு அங்குல ஆணி எங்க?" என்று கேட்டார். கிழவர் காதில் விழவில்லை. அவர் இன்னும் கடலில்தான் இருந்தார்.

பச்சை நிறத்துக்குச் சொந்தக்காரி ஐஸ் கம்பெனி நடத்தும் அம்மாள். படகை ஆட்களிடம் வாடகைக்கு விட்டவர்; ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினார்.

"நல்ல படகுதாங்க. நாலஞ்சு பேர் தள்ளுவாங்க, போயிடும். எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்குதுன்னு பசங்க சொல்லுவாங்க. அவங்க திருடி வித்துட்டு படகு மேல பழி போடுறாங்கன்னு நான் காதுலயே வாங்கல."

கடைசியாகக் கூலிங் கிளாஸ். அவர் அதிகம் பேசவில்லை.

"ஏறிப் பாருங்க. ஆடாது. கல்லு மாதிரி நிக்கும்."

படித்துறையிலிருந்து படகை எடுத்து முகத்துவாரம்வரை மெதுவாக ஓட்டிக் காட்டினார். விசாரணை எழுந்து நின்றார். பக்கவாட்டில் அலை வந்து மோதியது. படகு அசையவில்லை. பெரிய படகுத் தளத்தில் காலம் முழுக்க நின்ற கால்கள் அவருடையவை. அந்தக் கால்களுக்கு இது பழகிய தரை. சின்னப் படகென்றால் குலுங்கும், தோளில் அடி விழும் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் முகத்துவாரத்திலேயே போய்விட்டது. விற்கிறவன் வாயை நம்பாதவர், தன் காலை நம்பினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, முதல் ஆளு ரெண்டு பேரு போதும்னாரு. அந்தம்மா நாலஞ்சு பேருங்குது. ஒரே படகுதானே?"

"அந்தக் காலத்து உடம்பு வேற. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பனைமரமா இருந்திருப்பாங்க. வயசானவர் தன் வாலிபத்தைச் சொல்றாரு, படகைச் சொல்லல. அந்தம்மா படகுல ஏறினதே இல்ல, கேள்விப்பட்டதைச் சொல்லுது."

"தொட்டில் மாதிரி ஆடும்னாரே அவரு. இவரு ஆடாதுங்கிறாரு."

"அவருக்கு எல்லாமே ஆடும். உட்கார்ந்திருக்கிற நாற்காலியே ஆடுது."

மனைவி சிரித்துவிட்டாள். "என்னைப் பத்தியும் கல்யாணத்துக்கு முன்னாடி தெரு முழுக்க விசாரிச்சீங்க. யாராவது உண்மையைச் சொன்னாங்களா?"

"எல்லாரும் அமைதியான பொண்ணுன்னு சொன்னாங்க."

"அப்பவே உங்க சூத்திரத்தோட லட்சணம் தெரிஞ்சு போச்சு."

மறுநாள் படகு அவருடையதானது. மஞ்சள் வண்ணம் அடித்தார்.

துறைமுகப் படித்துறையில் சின்னப் படகுகளுக்கு நிரந்தர இடம் கிடையாது. கூலிங் கிளாஸுக்கு அங்கே செல்வாக்கு இருந்தது, கட்டி வைத்திருந்தார். மற்றவர்களெல்லாம் கடற்கரை மணலில் ஏற்றி வைத்து, காலையில் தள்ளி இறக்க வேண்டும். முதல் நாள் அவரும் மச்சானும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். படகு மண்ணில் வேர் விட்டதுபோல நின்றது. பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து 'ஏலோ' போட்டபோதுதான் நகர்ந்தது.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "மாமா, படகுன்னு சொல்லி யாராவது மொட்டை மாடியை வித்துட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு வாரம்வரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு விடியற்காலையில் அவர் வருவதைப் பார்த்ததும் பக்கத்துப் படகுக்காரர்கள் தலையைக் குனிந்து வலையில் சிக்கலெடுக்கத் தொடங்கினார்கள். தள்ளிவிட வருகிறவர்களுக்கு மீன் கொடுக்க வேண்டும். அதுவும் கரை வழக்கம். ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை. இன்ஜினோ முழு வேகத்தில் கதறியது, படகு ஊர்ந்தது. மற்றவர்கள் போய்ச் சேர்ந்து தூண்டில் போட்டு முடித்த இடத்துக்கு இவர்கள் கடைசியாகப் போனார்கள். பிடித்ததில் பாதியை எண்ணெய் தின்றது, மீதியைத் தள்ளுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தோள்பட்டையைக் காப்பாற்றத்தான் படகு வாங்கினார். தினமும் இரண்டு வேளை அதே தோளால் அதைத் தள்ளினார்.

ஃபைபர் வேலை செய்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் உள்தளத்தில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே பின்னால் வரை போனார். எங்கும் டொக் டொக்கென்று காலிச் சத்தமில்லை; நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல் இருந்தது. துளைக்கருவியை எடுத்து ஓர் ஓட்டை போட்டார். கறுப்பாகத் தண்ணீர் வந்தது. நிற்கும் என்று காத்திருந்தார்கள். மெக்கானிக் பீடி குடித்து முடித்தார். அது நிற்கவில்லை.

"தளத்துக்கும் அடிக்கும் நடுவுல மிதக்குறதுக்காக ஃபோம் அடைச்சிருப்பாங்க அண்ணே. மேல எங்கேயோ கீறல் விழுந்து, வருஷக்கணக்கா குடிச்சிருக்கு. பஞ்சு மாதிரி. இந்த ஓட்டையில வர்றது ஃபோமுக்கு வெளியில தேங்கி நிக்கிற தண்ணிதான். ஃபோமுக்குள்ள போனது வராது."

"வெயில்ல போட்டா காயாதா?"

"நீங்க காய்ஞ்சு போவீங்க. அது காயாது. தளத்தை முழுசா உரிச்சு எடுத்து, ஃபோமைச் சுரண்டி, புதுசா போடணும். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய படகே வாங்கிடலாம்."

"ஓட்டிப் பார்த்தேனே. அலையில அசையவே இல்லையே."

"எப்படி அசையும்? அடியில ஒரு குட்டிக் கடலைக் கட்டிக்கிட்டுல்ல போறீங்க."

அவர் ஓட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். இறகு என்றவர் பொய் சொல்லவில்லை. அன்று அது இறகுதான். நாலஞ்சு பேர் என்ற அம்மாளும் சரியாகத்தான் சொன்னார். எண்ணெய் குடிக்கிறது என்ற பையன்கள் திருடவில்லை. ஆடாது என்றவர் சொன்னதும் உண்மை. மூன்று பேரும் சேர்ந்து, ஒரு படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்த கதையை வரிசை தவறாமல் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஆட்களை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னதை மனைவி ஒருத்திதான் நிறுத்துப் பார்த்தாள். அவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார்.

மச்சான் கொஞ்ச நாளில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். "தப்பா நினைக்காதீங்க மாமா. அங்க தூக்குற பாரத்துக்காவது கூலி தராங்க." பெரிய படகில் அவருடைய இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது. இறால் கொட்டகையில் பிளாஸ்டிக் பெட்டிகள் கழுவும் வேலையை மனைவி கேட்டு வாங்கித் தந்தாள். உட்கார்ந்து இடது கையால் செய்கிற வேலை.

மெக்கானிக் போட்ட ஓட்டையைப் பிசின் வைத்து அடைத்து, மேலே மஞ்சள் அடித்து, படகை விற்பனைக்குச் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்குப் படித்துறையில் கட்ட இடம் வாங்கினார். அது ஏன் என்று அவரும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்கூட்டரில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவன் வேறு கரையில் கூலிக்குப் போகிறவன், முதல் தடவையாகச் சொந்தப் படகு பார்க்கிறான். படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தப் பெண் உள்ளே இறங்கி, பிசின் அடைத்த இடத்துக்கு மேலேயே நின்றாள். அவள் பாதத்தைப் பார்க்காமல் இருக்க அவர் கடலைப் பார்த்தார்.

"ஏண்ணே விக்கிறீங்க?"

"தோள்பட்டை சரியில்ல."

"அலையில எப்படி?"

"ஆடாது" என்றார். "கல்லு மாதிரி நிக்கும்."

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் எங்கே கேட்டது என்று தெரிந்தது. கூலிங் கிளாஸுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா என்று இத்தனை நாளும் மனத்துக்குள் நடத்திக்கொண்டிருந்த விசாரணை அத்தோடு முடிந்தது.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிங்கண்ணே. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது." பிறகு மனைவியிடம், "என்ன சொல்றே?" என்றான்.

அவள் தளத்தில் நின்றபடியே அவரிடம் கேட்டாள்.

"எங்க கரையில படித்துறை இல்லண்ணே, மணல்தான். இதைத் தள்ள எத்தனை பேர் வேணும்?"

அவரை யாரும் இதுவரை கேட்காத கேள்வி. அவர் யாரிடமும் கேட்காத கேள்வியும் அதுதான். ஆடாது என்பதைப்போல உண்மையாகவும் இருந்து, விலைக்கும் உதவுகிற பதில் ஏதாவது உண்டா என்று வாய்க்குள் தேடினார். இல்லை.

"எட்டுப் பேர்" என்றார்.

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து தளத்தை ஒரு தட்டுத் தட்டினாள், கேட்டாள், மேலே ஏறி வந்தாள்.

"நாலு பேர்கிட்ட விசாரிச்சிட்டுச் சொல்றோம்ணே" என்றான் அவன், செருப்பை மாட்டிக்கொண்டு.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"விசாரிச்சிட்டு வராங்களாம்."

"யார்கிட்ட?"

அவர் இடது கையால் பொத்தான்களை அவிழ்த்தார். அவள் வந்து சட்டையைக் கழற்றினாள். முதலில் இடது கை, பிறகு மெதுவாக வலது. படித்துறையில் கொடுத்த ஒரு வாரம் நாளையோடு முடிகிறது. படகை மணலுக்குக் கொண்டுவர வேண்டும். எட்டுப் பேரை எங்கே போய்க் கேட்பது என்று இருவரும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். நான்குக்கு மேல் வரவில்லை.