தங்கச்சி வீட்டுக் கூரை

ஸ்கந்தபுரத்தில் அந்த ஒழுங்கையில் முதன்முதலாகக் கூரையில் சோலார் பனல் பூட்டியவள் தயாளினி. கணவர் இறந்த பின், மிளகாயும் மாவும் அரைக்கிற மில்லைத் தனியாளாக நடத்தி, அந்த உழைப்பில் பூட்டியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரம் கம்பி வழியே வெளியே போவதை மீற்றர் காட்டிய அன்று, மில்லுக்கு வந்த சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "ஊருக்கே கரண்ட் குடுக்கிற ஆள்" என்று யாரோ பகிடி பண்ணினார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வருடம் பக்கத்து வளவில், தங்கச்சி சுகந்தினியின் வாசலில் லொறி வந்து நின்றது. கனடாவில் இருக்கும் மகனின் ஏற்பாடு. தயாளினியின் கூரையில் ஒரு பக்கம்தான் பனல். சுகந்தினியின் கூரையில் பனல் மூடி ஓடே தெரியவில்லை.

சுகந்தினி மனதில் கள்ளமில்லாதவள். பின்னேரங்களில் போனும் கையுமாக வேலியடிக்கு வருவாள்.

"அக்கா, இண்டைக்கு உங்கட எவ்வளவு காட்டுது? எனக்கு நாப்பது யூனிற் தாண்டிட்டுது."

"நான் பாக்கேல்லையடி. மில்லில வேலை."

பார்த்திருப்பாள். அதில் பாதிகூட வந்திருக்காது. முகில் கறுக்கும்போது, அது தங்கச்சி வீட்டுக்கு மேலே மட்டும் நிற்கக் கூடாதா என்று அண்ணாந்து பார்த்ததும் உண்டு.

அதற்குள் ஒழுங்கையில் இன்னும் சில கூரைகளிலும் பனல் ஏறியிருந்தது. வைகாசி வெயிலில், பனல் மின்சாரத்தை மாற்றிக் கம்பிக்கு அனுப்பும் தயாளினியின் இன்வேர்ட்டர் பெட்டி மத்தியானங்களில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நிற்கத் தொடங்கியது. நல்ல வெயிலெல்லாம் வீணாய்ப் போனது. பனல் பூட்டிய முத்துலிங்கம் கிளிநொச்சியிலிருந்து வந்து பார்த்தார்.

"பெட்டியில பிழை இல்லை, அக்கா. இந்த லைனில கடைசி வீடு உங்கட. மத்தியானம் எல்லாரும் வெளிய அனுப்பேக்க வோல்டேஜ் கூடிப்போகுது. கூடினா பெட்டி தானா நிண்டிடும். மின்சார சபைக்கு அறிவியுங்கோ, வந்து சரிப்பண்ணுவினம். அதுவரைக்கும் மத்தியானத்தில மில்லை ஓட்டுங்கோ. மோட்டர் கரண்டை இழுக்க வோல்டேஜ் இறங்கும்."

"அப்ப அவளின்ர பனலாலதான்."

"எல்லாற்றையாலும்தான் அக்கா."

அது அவள் காதில் ஏறவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் மில்லை ஓட்டினாள். இன்வேர்ட்டர் நிற்கவில்லை. பின்னேரம் சுகந்தினி சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என்ர பெட்டியும் இடைக்கிடை நிண்டது. இண்டைக்கு நிக்கவே இல்லை! உங்கட மில் ஓடினதாலதான் எண்டு முத்துலிங்கம் அண்ணை சொன்னவர்."

தயாளினிக்கு வயிறு எரிந்தது. தான் மிளகாய்த்தூளில் தும்மித் தும்மி வேலை செய்ய, அவளுக்கு யூனிற் ஏறுவதா?

அடுத்த நாள் மத்தியானம் மில்லைப் பூட்டினாள். மிளகாயோடு வந்த பெண்களிடம் மோட்டர் சூடாகிவிட்டது என்றாள். தன்னுடைய பெட்டி சிவந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. கதிரையை வேலிப்பக்கம் இழுத்துப் போட்டு, தங்கச்சியின் வெளிச்சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் சிவந்தது. வயிறு குளிர்ந்தது.

அந்தக் கிழமை முழுவதும் அப்படியே செய்தாள். வாடிக்கையாளர் சிலர் அக்கராயனில் இருந்த மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட சுகந்தினி மில்லுக்கே வந்துவிட்டாள்.

"மோட்டர் பழுதோ அக்கா? மகனிட்டச் சொல்லிப் புதுசொண்டு எடுத்துத் தரட்டோ? அவன் பெரியம்மாவுக்கு எண்டா ஓம் எண்டுவான்."

கூரை நிறையப் பனலைக் கண்டபோதுகூட இவ்வளவு சுட்டதில்லை.

"என்ர மோட்டருக்கு ஒரு கோதாரியும் இல்லை!" என்றவள், எழுந்துபோய் சுவிச்சைப் போட்டாள். மில் இரைந்தது. அரைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. குசினிக்கு ஓடிப்போய் வீட்டு மிளகாயைக் கொண்டுவந்து கொட்டினாள்.

"நல்லாத்தானே ஓடுது!" என்று சுகந்தினி சந்தோசப்பட்டாள்.

ஆடியில் மின்சார சபை ஆட்கள் வந்து லைனைச் சரிப்படுத்தினார்கள். இரண்டு பெட்டிகளும் இப்போது நிற்காமல் ஓடுகின்றன. சுகந்தினி இன்னும் வேலியடிக்கு வருகிறாள், தயாளினி இன்னும் "பாக்கேல்லையடி" என்றுதான் சொல்கிறாள். ஆனால் மத்தியானத்தில் மில்லைப் பூட்டுவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள்.