பிஸ்கெட் டின் பாலம்

இது நடந்தது. 1966, ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தமில்லை. ஆனால் கடலூர் முதுநகரில் காசிம் பாய் பொய் பேசுவார் என்று அவருடைய பகையாளிகூடச் சொன்னதில்லை.

பினாங்கில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர் ஊருக்குக் கொண்டுவந்தது சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை ரயில். ஊர் சிரித்தது. அவர் பாட்டுக்குக் கொல்லையில் தண்டவாளம் போட்டார். முருங்கை மரத்தடியில் சிதம்பரம், கிணற்றடியில் கடலூர், இடையில் கிள்ளை, பரங்கிப்பேட்டை. ஜல்லிக்குப் பதில் நொறுக்கிய கிளிஞ்சல். கிள்ளை தாண்டி வரும் வாய்க்காலுக்குப் பிஸ்கெட் டின்னை வெட்டி ஒரு பாலம். தினமும் உதிர்ந்த முருங்கைப் பூவைக் கூட்டித் தள்ளி, தண்டவாளத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் தடவுவார். மனைவி மலிகாவுக்கு இந்த உபசாரத்தில் கால்வாசிகூடக் கிடைத்ததில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். வீட்டு ஆள் யாராவது ரயிலேறினால், நிஜ வண்டி கிளம்பும் அதே நிமிஷம் பிஸ்மில்லா சொல்லி இந்த வண்டியையும் விடுவார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்தி, சாவி கொடுத்து, அதோடு சேர்ந்தே நகர்த்துவார். இது தடங்கலில்லாமல் வந்து சேர்ந்தால் அதுவும் வந்து சேரும் என்று ஒரு நம்பிக்கை.

அன்று சிதம்பரத்திலிருந்து மகள் அஸ்மத் வருகிறாள். தலைப்பிரசவம், எட்டு மாசம். மலிகா போய்க் கூட்டிவருகிறாள். இரண்டு நாளாக அடைமழை. அன்று கடலூரில் மட்டும் மூன்று மணிக்கே விட்டிருந்தது. தெற்கே வானம் கறுத்தே கிடந்தது. காசிம் பாய் கடிகாரத்தோடு முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

மணி 4.40. வண்டியை விட்டார்.

கிள்ளையில் நிறுத்திச் சாவி கொடுத்தார். நிமிர்ந்தால்... பாலத்துக்கு முன்னால், தண்டவாளத்தின் நடுவில், ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தார்.

கொடி. விரல்நகம் அளவுக்குச் சிவப்புத் துணி. ஈர்க்குச்சியில் கட்டியிருந்தது.

மகள் வரும் பாதையில் சிவப்புக் கொடியா? அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்கி எறிந்தார். மணி 5.02.

கை ஈரமாக இருந்தது. மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கிளிஞ்சல்கூடக் காய்ந்துவிட்டது. கொடி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் குப்பு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"குப்பு, ஒம் புள்ள இந்தப் பக்கம் வந்தானா?"

"இல்ல பாய். ஜொரத்துல படுத்துக் கெடக்கான்."

திரும்பினார். கொடி... அதே இடத்தில் நின்றது.

கண்ணெதிரே யாருமில்லை. காற்றும் இல்லை. ஆனால் கொடி படபடவென்று அடித்துக்கொண்டது.

இரண்டாவது முறையும் பிடுங்கினார். 5.03.

இப்போது கிளிஞ்சலில் தடம் தெரிந்தது. நொய்யரிசி அளவில் காலடிகள். பாலத்திலிருந்து ஓடி வந்தது போல...



"கூ..."

மெல்லிய ஊதல். பொம்மை இஞ்சினுக்கு ஊதல் கிடையாது.

கண்ணைச் சிமிட்டினார்.

மூன்றாவது கொடி.

கை தானாக நீண்டது. அப்போதுதான் பக்கிரி சொன்னது ஞாபகம் வந்தது. பக்கிரி நிஜ ரயில்பாதையில் வேலை பார்ப்பவன். தண்டவாளம் போடும்போது ஒத்தாசைக்கு வந்தவன்.

"பாய், செவப்புக் கொடிய நட்டவன்தான் எடுக்கணும். வேற எவனும் தொடக்கூடாது. எங்க லைன்ல அதான் சட்டம்."

கை பாதியில் நின்றது.

5.04.

யா அல்லாஹ்...

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. பின்னால் குப்பு கூப்பிட்டாள், திரும்பினார். மறுபடி பார்த்தபோது கொடியும் இல்லை, தடமும் இல்லை.

ஸ்டேஷனுக்கு ஓடினார். கிள்ளை தாண்டி வாய்க்கால் பாலம் வெள்ளத்தில் போய்விட்டதாம். வண்டி விழாமல் நின்றுவிட்டதாம். சிதம்பரத்துக்கே பின்னால் தள்ளிக்கொண்டு போகிறார்களாம். வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி எட்டு. பிளாட்பாரத்தில் மலிகா பக்கத்தில் நிற்க, அஸ்மத் சோடா குடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பக்கத்துப் பெஞ்சில் அந்த ரயிலை ஓட்டி வந்த டிரைவர் லூர்துசாமி.

"பாலத்துக்கு முன்னால ஒருத்தன் செவப்புக் கொடிய நட்டான். பிரேக்கு போட்டேன். கொடி போயிடுச்சு. சரி, பிரமைன்னு விட்டேன். மறுபடி நட்டான். மறுபடியும் போயிடுச்சு."

"அவனே எடுத்துட்டானா?" என்றார் காசிம் பாய்.

"அவன் எடுக்கல பாய்." லூர்துசாமி குரலைத் தாழ்த்தினார். "மேலேந்து ஒரு கை வந்துச்சு. மேகத்துக்குள்ளேந்து. பனமரத்தண்டி வெரலு ஒவ்வொண்ணும். அதான் எடுத்துச்சு. மூணாந்தரமும் வந்துச்சு... பாதியில நின்னுடுச்சு. அந்த ஆளு அதையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னான். நான் வண்டிய நிறுத்திட்டேன்."

அன்று அந்தப் பாதையில் ரயில்வே ஆள் ஒருவர்கூட இல்லை என்று பக்கிரி மறுநாள் சொன்னான்.

ஆனால் அன்று ராத்திரி காசிம் பாய் அந்தப் பெஞ்சிலேயே லூர்துசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கைய மறுபடி பாத்தா அடையாளம் தெரியும்" என்றார் லூர்துசாமி. காசிம் பாய் தன் வலது கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.