பத்தாவது முடிச்சு

கண்ணில் வைப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். பழைய பைனாகுலர் என்றால் முதலில் மூக்கு, அடுத்தது காது, கண்ணுக்குக் கடைசி முறைதான். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும். காதோரம் வைத்து மெல்ல ஆட்டினால் திருகு கழன்றிருப்பது கேட்டுவிடும். இரண்டு விசாரணையும் முடிந்த பிறகு, சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதைப் போல அதை மொட்டை மாடியிலிருக்கும் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, திருகை முடுக்கி, "ம், சொல்லு" என்பார். பைனாகுலரிடம்தான்.

தெருவில் அவருக்கு முத்திரை என்று பெயர். எடையளவுத் துறையில் இருபத்தெட்டு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். லஞ்சத்துக்குக் கை நீட்டியதே கிடையாது. இதற்காகக் கடைக்காரர்களும் மன்னிக்கவில்லை, மேலதிகாரிகளும் மன்னிக்கவில்லை. "மனுஷன் பொய் சொன்னா கண்ணு காட்டிக் குடுத்துடும். தராசுக்குக் கண்ணு இல்லை. அதனால எப்பவும் கருவியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்பது அவருடைய மொத்தத் தத்துவம். தங்கைக்கு மூத்த பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன் அதை எடை போட்ட தராசைப் பார்த்துவிட்டு, "நாற்பது கிராம் பொய் சொல்லுது" என்றார். நர்ஸ் சண்டைக்கு வந்தாள். சோதித்தார்கள். நாற்பது கிராம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு சந்தேகப்படுவதற்கு எதுவும் இல்லாமல் கொஞ்ச நாள் காய்ச்சலில் கிடந்தார். அப்போதுதான் பழைய சாமான் கடை ஒன்றில் முதல் பைனாகுலர் கிடைத்தது. இப்போது பதினான்கு இருக்கின்றன. மனைவியின் துணி அலமாரியில் மேல் இரண்டு தட்டுகளைக் காலி செய்து, ஒவ்வொன்றையும் ஒரு பழைய பனியனில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கடற்படையிலிருந்து வந்தது 'கப்பல்'. தோல் உரிந்து பித்தளை தெரிவது 'பட்டாளம்'. கழுத்தை ஒடிக்கிற கனம், எதைக் காட்டினாலும் மஞ்சளாகக் காட்டும், ஆனாலும் தூக்கிப் போட முடியாது என்பதால் ஒன்றுக்கு 'மாமனார்'. இந்தப் பெயர் வைத்த வாரம் வீட்டில் சமையல் நடக்கவில்லை. "பதினாலு வாங்கி வெச்சிருக்கார். காலையில மூக்குக் கண்ணாடி எங்கேன்னு தேடறதுக்கு ஒண்ணு கூட உதவறதில்லை" என்பது மனைவியின் மதிப்பீடு.

அவருடைய மதிப்பீடு நூறு மார்க்குக்கு. வெளிச்சம் முப்பது, துல்லியம் முப்பது, ஓரம் இருபது, நிறம் பத்து, நாணயம் பத்து. நாணயம் என்றால் வலது குழலும் இடது குழலும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்பது. கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? அதனால் மாடியில் சிமெண்டு போட்டு ஸ்டாண்டை அசையாமல் நட்டிருந்தார். எந்தப் பைனாகுலரை மாட்டினாலும் அது பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: நடுவே இருநூறு மீட்டர் குட்ஸ் யார்டு, அதற்கு அப்பால் ஒரு ஆறு மாடிக் குடியிருப்பின் பக்கச் சுவர், சுவரை ஒட்டி நாலாவது மாடியில் ஒரு பால்கனி.

அந்தப் பால்கனி அவருடைய தங்கை வீடு. நாற்பத்தேழு வயதாகிறது, இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், இன்னும் அவருக்குப் பாப்பாதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் துணி காயப்போடும் கயிற்றில் அன்றைய பேப்பரைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். இவர் ஒவ்வொரு பைனாகுலராக மாட்டி, தலைப்புச் செய்தியில் எந்த அளவு எழுத்து வரை படிக்க முடிகிறது என்று போனில் சொல்வார். சில நாள் அவள் கயிற்றுக்குப் போகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பாள். "அண்ணே, பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு எனக்கே இன்னும் தெரியாது. நீ படிச்சு முடிச்சா நான் உள்ளே போய்ப் படிப்பேன்" என்று புலம்புவாள். ஆனால் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

கோடு முதலில் 'பட்டாள'த்தில் தெரிந்தது. காட்சியின் கீழ்ப்பக்கம், பால்கனிக்கு வெகு கீழே, மயிரிழை போல ஒன்று. பழைய கருவிதானே என்று நாலு மார்க் குறைத்து, 'ப்ரிஸத்தில் முடி' என்று எழுதினார். அடுத்த மாதம் 'மாமனாரி'லும் அதே முடி. பழைய கண்ணாடிகளுக்கு இது வழக்கமான வியாதி என்று தீர்மானித்தார். ஒன்றைத் திறந்து துடைத்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் நிரந்தரமாகக் குருடாக்கினார். இன்னொன்றை விற்றவனிடமே எடுத்துப் போய் நடுக்கடையில் அவன் நாணயத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு வந்தார். ஒரு தடவை மட்டும் அவருக்கே நியாய உணர்ச்சி உறுத்தி, தங்கையைப் போனில் கூப்பிட்டு, சுவரில் கோடு எதுவும் இருக்கிறதா பார் என்றார். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் பக்கச் சுவர் மூலைக்கு அந்தப் புறம் மறைந்துவிடும். அவள் தன் கண்ணுக்குத் தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். அவர் நோட்டில் எழுதினார்: 'கட்டடம் சரி. குற்றம் கண்ணாடியில்.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

பதினோரு மாதம் இப்படி ஒன்பது பைனாகுலர்கள் செய்யாத குற்றத்துக்கு மார்க் இழந்தன. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'கப்பல்' மேல் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. திருகு சரியாக முடுக்கியிருக்கவில்லை; குழல் சற்றே தாழ்ந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. கட்டடம் மேலே நகர்ந்தது. முடியும் கட்டடத்தோடு சேர்ந்து நகர்ந்தது.

கண்ணாடியில் இருப்பது கண்ணாடியோடுதான் இருக்கும். அவர் புறாவை விரட்டவில்லை. அது தானாகப் போகும்வரை அப்படியே குனிந்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. சுவரில் விரிசல் என்று மனு எழுதினார். நகராட்சியில் அதை வாங்கிப் பார்த்து, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். குடியிருப்பவர்தான் எழுதித் தர வேண்டும் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். குடியிருப்போர் சங்கத்துக்குப் போனார். சங்கத்தின் செயலாளர் தங்கையின் கணவர். தொழிலால் காப்பீட்டு முகவர். எந்த நிமிஷம் எந்த ஆபத்து வரும் என்று ஊருக்கெல்லாம் விளக்கிப் பிழைக்கிறவர். சுவரில் விரிசல் என்ற சொல் வெளியே போனால் அந்தக் கட்டடத்தில் ஒரு வீடும் விலை போகாது என்பது அவருக்கு சந்தேகமில்லாமல் தெரியும். சங்கம் ஒரு இன்ஜினியரை வரவழைத்தது. அவர் சுவரடியில் நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, பெயின்ட் வெடிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூட்டம் போட்டார்கள். முத்திரை தன் நோட்டைக் கொண்டுபோயிருந்தார், ஆதாரமாக. மைத்துனர் மரியாதையாக அதைக் கேட்டு வாங்கினார்.

"மச்சான் பொய் சொல்றவர் இல்லை. அவர் கைப்பட எழுதினதைத்தான் படிக்கிறேன்" என்று ஆரம்பித்து, ஒன்பது பக்கத்தையும் படித்தார். ப்ரிஸத்தில் முடி. ப்ரிஸத்தில் முடி. கட்டடம் சரி, குற்றம் கண்ணாடியில். கையெழுத்தையும் காட்டினார். கூட்டத்தில் யாரோ, "சார், உங்க கண்ணாடி ஒண்ணைத் தொடச்சுப் பாத்தா என்ன?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உலகத்தில் உள்ள கருவிகளையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதரின் ஒரே சாட்சியம் அவருக்கே எதிராக முத்திரை குத்திக்கொண்டு நின்றது. அன்று முதல் கோடு என்ற பேச்சைத் தன் வீட்டில் எடுக்கக் கூடாது என்று மைத்துனர் உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றது.

தங்கை ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள். அண்ணன் கூப்பிடுகிறாரே என்று கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு வருவதென்றால் திரும்பிப் போக வழி இருக்காது என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அப்புறம் ஒரு ஒப்பந்தம் சொன்னாள்.

"என் வீட்டு மட்டத்துக்கு அது ஏறி வரட்டும்ணே. வந்துதுன்னா யாரையும் கேக்க மாட்டேன், அன்னிக்கே இறங்கிடறேன். அதுவரைக்கும் என்னை விடு."

கட்டடம் விழும்போது மாடி பார்த்து விழாது என்று அவர் சொன்னார். எனக்கு அதெல்லாம் தெரியாது, நம்புகிறதுக்கு எனக்கு ஒரு அளவு வேணும் என்றாள் அவள். அளவு வேண்டும் என்று கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இப்படித்தான் கயிறு வந்தது. துணி காயப்போடும் கயிறுதான். சாண் இடைவெளியில் பத்து முடிச்சு, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணி. ஞாயிறு ஒன்பது மணிக்கு மைத்துனர் குளிக்கப் போகும்போது, அவள் பால்கனி மூலையிலிருந்து கயிற்றைப் பக்கச் சுவரில் தொங்கவிடுவாள். அடி முடிச்சு ஒன்று. மேல் முடிச்சு, அவள் வீட்டுத் தரைக்கு நேராக, பத்து. அவளால் கயிற்றைப் பிடிக்க முடியும், சுவரைப் பார்க்க முடியாது. அவரால் பார்க்க முடியும், தொட முடியாது. கோடு எத்தனையாவது முடிச்சைத் தொட்டிருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவார். பிறகு கைப்பிடிச் சுவரருகே நின்று அத்தனை விரல்களைக் காட்டுவார். அவள் பார்ப்பதற்காகப் பதினான்கில் அதிக மார்க் வாங்கிய 'கப்ப'லைக் கொடுத்திருந்தார். நாணயத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே பைனாகுலர். அவள் அதைத் துணிக் கிளிப் கூடைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

முதல் வாரம் மூன்று விரல். ஒரு மாதம் நாலிலேயே நின்றது. ஒரு பெருமழைக்குப் பிறகு ஆறு. அப்புறம் ஏழு. ஏழு காட்டிய அன்று மனைவி காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டே, "பத்துன்னு காட்டித் தொலைங்களேன். அவ இறங்கி வந்துடுவா இல்லை?" என்றார்.

முத்திரை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தராசுல கட்டை விரலை வைக்கச் சொல்றியா?"

தான் காட்டினால் அது சரியாக இருக்கும் என்று நம்பித்தான் ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்று மறுநாள் விளக்கம் சொன்னார். அந்த நம்பிக்கைதான் தங்கையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்று மனைவி சொன்னார்.

போன ஞாயிறு எட்டு.

இந்த ஞாயிறும் ஒன்பதுக்குக் கயிறு இறங்கியது. காற்று இல்லை, சிவப்புத் துணிகள் சுவரோடு ஒட்டி நின்றன. 'பட்டாளத்தை' மாட்டி, முகர மறந்து, நேரே கண்ணை வைத்தார். கீழேயிருந்து ஒவ்வொன்றாக உதட்டுக்குள் எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். 'பட்டாளத்தை'க் கழற்றி 'மாமனாரை' மாட்டி எண்ணினார். மஞ்சளாக, எட்டு. யார்டில் ஒரு சரக்கு வண்டி கிளம்பியது. அவர் காலடியில் மாடித் தரை கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது. வண்டி போன பிறகு இரண்டாவது மாடி உயரத்தில், கோட்டின் மேல், ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு வைக்கோல் துரும்பு இருந்தது. குருவி தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கோட்டுக்குள் நுழைந்தது. துரும்பு இல்லாமல் வெளியே வந்தது. பறந்து போய் இன்னொரு துரும்போடு திரும்பி வந்து, மறுபடி உள்ளே போனது.

கயிறு நீளத்தைத்தான் அளக்கும், அகலத்தை அல்ல.

அவர் ஸ்டாண்டை விட்டு நிமிர்ந்தார். நோட்டைத் திறந்து தேதி எழுதினார். அதற்கு நேரே 'எட்டு' என்று, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எதிரே பால்கனியில் தங்கை 'கப்ப'லைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னாலிருந்து பெண்களில் ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தாள். முத்திரை கைப்பிடிச் சுவரருகே போனார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரல்களையும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நன்றாக விரித்துக் காட்டினார்.