குமரேசன் சார் பேண்ட்டை உருவிய நாள்

செஞ்சி பக்கம் எங்கள் பிளேட்டிங் கம்பெனியில் புதிதாகச் சேர்கிற பெண்கள் முதலில் என்னிடம் கேட்பது இதைத்தான்: "யக்கா, சூப்பர்வைசர் பேண்ட்டை நீதான் உருவுனியாமே?" ஆமாம்டி, நான்தான். விஷயத்தை முழுசாகக் கேளுங்கள்.

பிளேட்டிங் போடும் முன்னால் இரும்புச் சாமானை காஸ்டிக் சோடா கரைசல் தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்போம். குமரேசன் சார் எங்கள் சூப்பர்வைசர். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பெண்களிடம் பேசினால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்குத் தொட்டிக்குக் கரைசல் ஏற்றும்போது ஹோஸ் கழன்று, இடுப்புக்குக் கீழே மொத்தமாக நனைந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா, எரியவே இல்ல. வழவழன்னுதான் இருக்குது" என்றார். ஆசிட் பட்டால் உடனே கத்த வைக்கும். காஸ்டிக் அமுக்கமான கள்ளன். அந்த வழவழப்பே தோல் கரைகிறதுதான்.

தொட்டிப் பக்கத்திலேயே இருக்கிற அவசர ஷவருக்குக் கீழே அவரைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி வால்வைத் திறந்தேன். பேண்ட்டைக் கழற்றச் சொன்னால், மனுஷன் இரண்டு கையாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேக்கிங் பெண்கள் பார்க்கிறார்களாம், பாத்ரூமுக்குப் போய்க் கழற்றுகிறாராம். பாத்ரூம் அந்தக் கோடியில், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவரைக்கும் தொடை தாங்குமா?

"இன்னா சார், விளையாடுறீங்களா? மானம் எங்கயும் போவாது. தோலு போயிடும்."

கையைத் தட்டிவிட்டு, க்ளவுஸ் கையாலேயே பெல்ட்டை அவிழ்த்து ஒரே உருவு. பேக்கிங் பெண்கள் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்கள். ரெண்டு பேர் மட்டும் பாதிதான் திரும்பினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை நிறுத்தவில்லை. முழங்காலுக்குப் பின்னால் ஒரு திட்டு வெந்ததோடு போயிற்று. பேண்ட்டோடு இருந்திருந்தால் காலே வீணாகியிருக்கும் என்றார் டாக்டர்.

அப்புறம் ஒருநாள் அவர் மனைவி கேட்டில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சண்டைக்குத்தான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நானா இருந்தா அவர் பேச்சக் கேட்டு பாத்ரூமுக்கு வுட்டிருப்பேன்க்கா" என்றாள்.

இப்போது நீங்கள் போட்டிருக்கிற, ஒரே இழுப்பில் கழன்றுவிடுகிற எலாஸ்டிக் பேண்ட் குமரேசன் சார் சண்டை போட்டு வாங்கித் தந்தது. என்னைப் பார்த்தால் இன்னும் தரையைத்தான் பார்க்கிறார், பார்க்கட்டும். நீங்கள் ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள்: காஸ்டிக் பட்டால் துணியைக் கழற்ற யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள், பட்டவரிடம்கூட.