இரண்டு தடவை அமுக்குபவர்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கணினிக் கடையின் மாடியில், இலவச மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் சோதித்துப் பார்ப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். குழந்தை பிறந்தபின் விட்டுப்போன வேலையைத் திரும்பப் பிடிக்க இது ஒரு வழி என்று யாரோ சொல்ல, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே வருபவர்களில் ஒருவராகத்தான் அவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, மூக்கில் வழுக்கும் கண்ணாடி. எந்தப் பொத்தானையும் படபடவென்று இரண்டு தடவை அமுக்குவார்.

சேமிக்கும்போது தட்டச்சு செய்த தமிழ் முழுக்க அழிகிறது என்று இணையத்தில் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் நான் பதிந்திருந்த முதல் புகாரை, மென்பொருளை எழுதியவர்கள் "எங்களுக்கு அப்படி வரவில்லை" என்று மூடிவிட்டார்கள். மகள் கையை இழுத்ததில் நான்தான் எதையோ தப்பாகத் தொட்டிருப்பேன் என்று அவரிடம் சொன்னேன்.

"இருங்க அம்மணி" என்று தன் கணினியில் தமிழில் நாலு வரி தட்டி, சேமிக்கும் பொத்தானை வழக்கம்போல இரண்டு தடவை அமுக்கினார். எழுத்தெல்லாம் போய்விட்டது.

"எனக்கும் அழியுதுங்க. புள்ளைய மடியில வெச்சிருக்கறவங்க பொறுமையா ஒருக்காதான் அமுக்குவாங்களா?"

புகாரைத் திறக்கச் சொல்லி, அதன் கீழே "இரண்டு தடவை அமுக்கினால் எனக்கும் அழிகிறது" என்று எழுதினார்.

"சரி பண்ணிருவாங்களாங்க?"

"எங்கீங்க! நான் சொன்னது எதையுமே பண்ணலீங்க."

"அப்புறம் எதுக்குங்க எழுதறீங்க?"

"அடுத்து யாருக்கு அழிஞ்சாலும், நாமதான் தப்புப் பண்ணிட்டோம்னு நெனைக்கக் கூடாதில்லீங்களா?"

எனக்கு வேலை கிடைக்கவில்லை. அந்தக் கூட்டமும் நின்றுபோனது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம், இந்தத் தடவையாவது சரியாகியிருக்குமோ என்று புகாரைத் திறந்து பார்க்கிறேன். எனக்கு முன்பே அவர் எழுதியிருப்பார்: "இன்னும் அழிகிறது."