கண்மாய்க் கரை உடைந்த அன்று

நனைந்த சாக்கை வாசலிலிருந்து இழுத்துப் போடவே இன்று மூச்சு வாங்கியது. அந்த ஈரச் சாக்கு வாடையில் சுந்தரபாண்டியத்துக் கண்மாய் உடைந்த நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது நான் சிறுமி. பருத்திக்காட்டு வேலைக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் கரைக்குக் கீழே குடிசை போட்டிருந்தன. அவர்கள் கைபட்ட தண்ணீரைக்கூட எங்கள் வீட்டில் குடிப்பதில்லை. அன்று மழையில் கரை உடைந்து, தண்ணீர் அந்தக் குடிசைகளை நோக்கிப் பாய்ந்தது.

"நேத்து வந்தவுகளுக்காக நாம ஏன் சாகணும்?" என்றார் சித்தப்பா.

"அங்க பச்சப்பிள்ளைக கெடக்குதுக. எந்திரிங்க கொழுந்தனாரே" என்று அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருவே பின்னால் போனது. கடைக்கார ராவுத்தர் அரிசியைக் கொட்டிவிட்டு, மண் நிரப்பி உடைப்பில் போடச் சாக்குகளைக் கொடுத்தார்.

சாயங்காலம் உடைப்பு அடைபட்டது. கை தூக்க முடியாமல் அம்மா கரையிலேயே சரிந்தாள். குடிசைக்காரி ஒருத்தி கூழோடு வந்து, "வாயத் தெறங்க தாயி" என்றாள். அம்மா திறந்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்த சித்தப்பா, சேறு அப்பிய கையை நீட்டினார்.

"எனக்கும் செத்த ஊத்தும்மா."